கலெக்டருக்கு ஒரு வீடு

ஜூலை 20, ஞாயிறு

கம்பெனியில் சேர்ந்த அன்று ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தார்கள். எனக்குத் தவறிப்போய் இரண்டு வந்தது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்துக்கு மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறது: தேதி, முடிவு, காரணம்.

பம்புக்குள் சுற்றும் இம்பெல்லரை வெர்னியரால் அளந்து பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் பச்சை முத்திரை. தள்ளினால் சிவப்புச் சீட்டு ஒட்டி, அதில் காரணம் எழுத வேண்டும். "தள்றது தப்பில்லீங். காரணத்தத் தப்பா எழுதறதுதான் தப்பு. தொளை பெருசுன்னு எழுதுனா ட்ரில்லிங் மிசினக் கழட்டிப் போட்ருவாங்க. கோளாறு அதுல இல்லைன்னா நல்ல மிசின் ரெண்டு நாளு சும்மா கெடக்கும்" என்றார் சூப்பர்வைசர். பச்சை முத்திரைக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் வந்து ஒரு வாரம். லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேர். நாய்க்கு அங்கே இடமில்லை. அது கம்பெனியின் பின்பக்கம், இரும்புக் கழிவு கொட்டும் இடத்தில் இருக்கிறது. வாட்ச்மேன் ஆறுச்சாமி அண்ணன் பார்த்துக்கொள்கிறார். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. வழியெல்லாம் டிரைவரின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிற்றாம்.

அதன் பெயர் கலெக்டர். அப்பா வைத்தது. நான் இரண்டு தடவை அரசுத் தேர்வு எழுதித் தேறவில்லை. இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். "நம்ம வீட்டுக்கும் கலெக்டர் வந்தாச்சு. இனிமே இந்த வீட்ல யாரும் பரிச்சை எழுத வேண்டாம்" என்றார். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. போன மாதம் அம்மா அக்கா வீட்டோடு போய்விட்டாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாய் கூடாது என்று அத்தான் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் நான் கூட்டி வந்தேன். நாய்ப் பாசமெல்லாம் எனக்குக் கிடையாது. இதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இன்று கணபதிப் பக்கம் நடந்தேன். நான்கு வீதியில் பதினோரு 'வீடு வாடகைக்கு' அட்டைகள். ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் காலியாகக் கிடக்கிறது. எனக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். போட்டிக்கு ஆளில்லாத மாதம். ஒரு வாரத்தில் கிடைத்துவிடும்.

ஜூலை 22, செவ்வாய்

நாய்க்கு ஊசி போடக் கால்நடை மருத்துவமனை. ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பெயர் என்ற இடத்தில் கலெக்டர் என்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். இனம்: நாட்டு நாய். உரிமையாளர் முகவரி?

"வீடு பாத்துட்டிருக்கேன் சார்."

"வீடு கெடைச்சதும் நீங்களே எழுதிக்குங்."

ஜூலை 24, வியாழன்

வீட்டு புரோக்கர் ஒருவர் கிடைத்தார். வெங்கிடுசாமி. மொபெட், நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் நான்கு பேனா. நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் அண்ணாச்சி என்றேன்.

"அண்ணான்னு கூப்புடுங் அம்மணி. அண்ணாச்சின்னா நா மளிகைக் கடை வெச்சிருக்கறேன்னு நெனச்சுக்குவாங்."

எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சிதான்.

"நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "தப்பா நெனைக்காதீங், ஓனருங்க கேப்பாங், அதுக்குத்தான்" என்றார்.

"மனுச ஆளு" என்றேன்.

சிரித்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "நாயப் பத்தி மட்டும் நீங்க வாயே தொறக்க வேண்டாமுங். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் வீடு. வங்கியில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஒரு படுக்கையறை, சமையல்கட்டு, பின்னால் மொட்டை மாடி. நாய்க்கு அந்த மொட்டை மாடி போதும். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

இந்த ஊர்க்காரர்கள் பேசினால் காது குளிர்கிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு 'ங்'. எங்கள் ஊரில் சாப்பிடக் கூப்பிடுவதே சண்டைக்குக் கூப்பிடுவது போலிருக்கும். ஆபீசர் கேட்டார்: சொந்த ஊர் எதுங்க? கோவில்பட்டியா, அதுக்குப் பக்கத்துலயா? பக்கத்துலன்னா எந்த ஊருங்க? அந்த ஊர்ல எந்த வீதிங்க? எங்க சகலை அங்க தாசில்தாரா இருந்தாரு, அதுக்குத்தான் கேக்கறேன்.

வீதி பெயரைச் சொன்னேன்.

அந்த அம்மா காப்பி கொண்டுவந்தார். வெங்கிடுசாமிக்கும் ஆபீசருக்கும் எவர்சில்வர் டம்ளரில். எனக்குப் பேப்பர் கப்பில். மூன்றாவது டம்ளர் கழுவாமல் கிடந்திருக்கும். காப்பி நன்றாக இருந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க. வெங்கிடுசாமிகிட்ட சொல்லி அனுப்பறனுங்க" என்று கேட் வரை வந்து வழியனுப்பினார். இந்த ஊரில் யாரும் 'இல்லை' என்று சொல்வதே கிடையாது. மூன்று வீதி தள்ளி வந்த பிறகுதான் சொன்னது 'இல்லை' என்று புரிகிறது.

சாயங்காலம் வெங்கிடுசாமி போன். "ஒண்ணுமில்லீங் அம்மணி. நாயினாலதான் யோசிக்கறாங்."

நாய்தான் காரணம்.

ஜூலை 30, புதன்

மழை. நூற்றுத் தொண்ணூறு பீஸ் பார்த்தேன். ஏழு தள்ளினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

இரண்டாவது வீடு, ஒரு அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. லிஃப்டில் எங்களோடு ஒரு நாய் வந்தது. மூஞ்சி அமுங்கிய குட்டை நாய், சட்டை போட்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "இங்க எல்லாம் ஃபேமிலி மாதிரிங்க" என்றார். நாயின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, நான் என்ன சாமி கும்பிடுவேன், அப்பா என்ன வேலை பார்த்தார், வீட்டுக்கு யார் யார் வந்துபோவார்கள் என்று கேட்டார். அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை என்றேன். ஆபீசா என்று முகம் மலர்ந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பேரே ஆபீஸ்தான், அங்கே குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை என்றேன். மலர்ந்தது மூடிக்கொண்டது.

சாயங்காலம் போன். "அசோசியேசன்ல புதுசா நாய் வேண்டாங்கறாங்."

கீழே இறங்கும்போது எண்ணினேன். அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே நான்கு நாய்கள். எல்லாம் வெளிநாட்டு நாய்கள். நம்முடையது தெரு நாய், அதனால்தான்.

அம்மா போன் செய்தாள். "ஏட்டி மாரி, அந்த நாய எவன்கிட்டயாவது குடுத்துட்டு உம் பொழப்பப் பாரு. நாயால நீ ரோட்டுல நிப்பியா?" என்று சத்தம் போட்டாள். வைக்கும் முன்னால், "சாப்ட்டானா?" என்றாள்.

"யாரு?"

"கலெக்டருதான்."

"சாப்ட்டாச்சு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மூன்றாவது வீடு கிட்டத்தட்டக் கிடைத்தது. பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டுப் பின்கட்டு. சாவியைக் கையில் கொடுத்து, "போயிப் பாத்துட்டு வா கண்ணு" என்றார். ஜன்னலோரம் நாய்க்குச் சாக்கு விரிக்க இடம்கூடப் பார்த்துவிட்டேன். மூன்றரை அடிக்கு இரண்டடி. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்குளுக்குக் குலதெய்வம் எது கண்ணு? எங்க இருக்குது?"

சொன்னேன். சாவியை வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்து ஆணியில் மாட்டினார். சுத்தக்காரர்.

சாயங்காலம் போன் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நாய்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கம்பெனி அறிவிப்புப் பலகை: பதினெட்டாம் தேதி வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும். பிராணிகள் எதுவும் இருக்கக் கூடாது.

ஆறுச்சாமி அண்ணன் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கம்பெனியில இருக்கற ஒரே பிராணி நம்ம கலெக்டருதானுங். பேரு போட்டே எழுதியிருக்கலாம்."

அவர் மைத்துனன் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருக்கிறானாம். நாய் கொடுத்தால் வைத்துக்கொள்வான் என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

யோசித்தேன். கணக்கு எளிது. மூன்று வீடு பார்த்தேன். மூன்றிலும் ஒரே காரணம். ஒரே கோளாறு மூன்று பீஸில் வந்தால் என்ன செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? காரணத்தை எடுத்துவிட வேண்டும். நாய்க்கும் தோப்பு நல்லது. ஓட இடமிருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொண்டுபோய் விட்டாயிற்று. ஆறுச்சாமி அண்ணனுக்குத் தெரிந்த சரக்கு ஆட்டோவில் போனோம். தோப்பு பெரிது. நல்ல நிழல். தோப்புக்காரர், அதாவது அண்ணனின் மைத்துனன், நல்ல மனிதர், பழைய சோற்றில் மோர் விட்டு வைத்தார். நாய் சாப்பிட்டது. சாப்பிடும்போதே வந்துவிட்டேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று ஒரு பீஸை மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் வேறு வேறு அளவு. சூப்பர்வைசர், "வெர்னியர் சரியாத்தானுங் இருக்கு. கை நடுங்குதுங்" என்றார். காலையில் சாப்பிடவில்லை, அதனால்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றாள். சாப்ட்டானா என்று கேட்காமல் போனை வைத்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இதை முழுதாக எழுத வேண்டும்.

வேலை முடிந்து ஐந்தரை மணிக்குப் பஸ் ஸ்டாப் டீக்கடையில் வெங்கிடுசாமியைப் பிடித்தேன். பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார்.

"அண்ணாச்சி, நாய் இப்ப இல்ல. தோப்புல விட்டுட்டேன். ஆபீசர் வீட்ல அட்டை இன்னும் தொங்குது, காலைல பாத்தேன். இப்பவே போன் போடுங்க. நாளைக்கே வந்துருதேன்."

அவர் பஜ்ஜியைத் தாளில் வைத்தார்.

"நாயக் குடுத்துட்டீங்களா?"

"ஆமா."

"ஏனுங் அம்மணி, அத எதுக்குங் குடுத்தீங்?"

"நீங்கதான சொன்னீங்க. நாயினால வேண்டாங்காகன்னு."

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிப் போனது. அவர் என்னைப் பார்க்காமல் பஸ் போன திசையைப் பார்த்துச் சொன்னார்:

"நாயப் பத்தி நா அவங்ககிட்டச் சொல்லவே இல்லீங்."

"ஆபீசர்கிட்டயா?"

"மூணு எடத்துலயுமுங். சொல்ற அளவுக்கே பேச்சுப் போகலீங்."

"அப்ப எதுக்கு வேண்டாம்னாக?"

"உங்குளுக்குத் தெரியாததுங்களா? நா எப்படிங் அத வாயால சொல்றது? உங்க மனசு சங்கடப்படுமேன்னுட்டு... நாயின்னு சொன்னா லேசா எடுத்துக்குவீங்கன்னு நெனச்சனுங். நெசமா நாயக் கொண்டுபோயி உட்ருவீங்கன்னு நெனைக்கலீங்."

கத்தினேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. "ஒரு நாளைக்கு இருநூறு பீஸ் பாக்கேன் அண்ணாச்சி. ஒண்ணத் தள்ளுனாலும் காரணம் எழுதணும். பொய்க் காரணம் எழுதுனா என்ன வேலைய விட்டுத் தூக்கிருவாக."

"எங்க தொழில்ல நெசமான காரணத்தச் சொன்னாத்தானுங் தூக்குவாங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீடு தராதவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். தரகர் கண் கலங்குகிறார். எல்லாரும் நல்லவர்கள். தோப்பில் கிடப்பது மட்டும் நாய்.

பஜ்ஜியைத் தின்னாமல் வந்துவிட்டேன்.

அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு இந்தப் பக்கத்தை முடித்துவிடலாம். ஆனால் இதைப் படிக்கப்போவது நான் மட்டும்தான். எனக்குத் தெரியாதா? கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்கு, 'எந்த வீதி' என்று கேட்டால் எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாதா? பேப்பர் கப் தெரியும். சாவியைத் துடைத்தது தெரியும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாமலா போகும்? நாய் என்று எழுதிக்கொள்வது எளிதாக இருந்தது. நாயை வேண்டாம் என்றால் கோபம்தான் வரும். என்னை வேண்டாம் என்றால் வருவது கோபம் மட்டும் இல்லை.

நல்ல மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முந்தைய பக்கங்களில் 'நாய்' என்று எழுதியிருந்த மூன்று இடத்திலும் அடித்துவிட்டு, சரியான காரணத்தை எழுதினேன். சாதி. சாதி. சாதி. மூன்று தடவை எழுதும்போதும் கை நடுங்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம், கம்பெனி விடுமுறை. காலையிலேயே ஆறுச்சாமி அண்ணனுக்குத் தெரிந்த அதே சரக்கு ஆட்டோவைப் பிடித்துக் கிணத்துக்கடவு போனேன். "குடுக்கறதும் வாங்கறதுமா, என்னுங் இது, லைப்ரரியா?" என்றார் ஆட்டோக்காரர்.

என்னைப் பார்த்ததும் நாய் ஓடி வரும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். தென்னை மரத்தடியில் படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. மூடிக்கொண்டது. ஐந்து நாளில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. கூப்பிட்டேன். வாலில் கூட அசைவில்லை. தோப்புக்காரர், "ரோசக்கார நாயிங்" என்றார். வாங்கிப் போன பன்னைக் காட்டினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சரி, அதற்கு இங்கேதான் நல்லது போலிருக்கிறது என்று நினைத்து, தோப்புக்காரரிடம் பேசத் திரும்பினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதத்தின் மேல் ஏதோ கனமாக அழுத்தியது. கலெக்டர். என் இடது காலின் மேல் வந்து உட்கார்ந்திருந்தான். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, ஆனால் நான் நகர முடியாதபடி, முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். பதினெட்டுக் கிலோ இருப்பான்.

ஆட்டோக்காரர் கணபதி முனையில் இறக்கிவிட்டார். கம்பெனிக்கு நடந்தோம். திங்கட்கிழமை ஆய்வு. அதற்குள் எங்காவது இடம் வேண்டும். யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு முக்கில் கலெக்டர் நின்றுவிட்டான். மூக்கைத் தூக்கினான். அடுத்தடுத்து நான்கு தும்மல். எதிரே ஒரு மாவு மில். காற்றெல்லாம் மிளகாய் நெடி. மில் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: மேல வீடு காலி. அந்த வழியில் பலமுறை போயிருக்கிறேன். பார்த்ததில்லை. வெங்கிடுசாமியும் காட்டியதில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி. மாவிளக்குக்குப் பச்சரிசி அரைக்க வரிசையில் பத்துப் பெண்களாவது நின்றார்கள், கையில் போசிப் பாத்திரத்தோடு. உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். தலை, புருவம், கை எல்லாம் மாவு. மூக்கை மட்டும் துண்டால் கட்டியிருந்தார். மெஷின் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது.

கேட்டில் நின்றே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும், ஒரே தடவையில், அவர்கள் கேட்பதற்கு முன்னால்.

"அக்கா, வீடு கேட்டு வந்தேன். பேரு தங்கமாரி..."

"என்னது?"

"பேரு தங்கமாரி! ஊரு கோவில்பட்டிப் பக்கம்! பம்ப் கம்பெனில வேலை!"

"கேக்கல புள்ள, சத்தமாச் சொல்லு!"

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கல்யாணம் ஆகல! கறி மீன் எல்லாம் திம்பேன்! இது எங்க நாயி, குரைப்பான்! நான் எஸ்.சி.!"

கடைசி வார்த்தைக்குச் சரியாக முன்னால் அந்த அம்மா மெஷினை நிறுத்தியிருந்தார்.

தெரு முழுக்க அந்த ஒரு சொல் மட்டும் கேட்டது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள்கூட எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் அதை நான் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன முதல் தடவை மொத்தக் கணபதிக்கும் சொல்லிவிட்டேன். காது சுட்டது. கலெக்டர் ஐந்தாவது தடவையாகத் தும்மினான்.

அந்த அம்மா மூக்குத் துண்டை அவிழ்த்தார்.

"அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற? நா கேட்டனா?"

"பொறவு கேப்பீகல்லா."

"பொறவு கேட்டா அப்பச் சொல்லறது. ஊட்டைப் பாக்காமயே சண்டைக்கு நிக்கற."

வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒரு பெண் தன் போசியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள். அந்த அம்மா அவளைப் பார்த்தார். "ஏ சுந்தரி, அடுத்தது உன்ற அரிசிதான். கொட்டட்டுமா, தூக்கிட்டுப் போறியா? சுருக்காச் சொல்லு, எனக்கு நேரமாகுது."

அந்தப் பெண் மில் மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போசியைப் பார்த்தாள். மாவிளக்கு சாயங்காலம் ஏற்ற வேண்டும். "கொட்டுங்க்கா" என்றாள்.

மேலே போய்ப் பார்த்தேன். ஒரு அறை, சமையல்கட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி. தரையில் மெல்லிய மாவுப் படலம். கலெக்டர் நடந்த இடமெல்லாம் காலடி பதிந்தது. மெஷின் மறுபடி ஓடியதும் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. கம்பெனியில் இதைவிட மூன்று மடங்கு சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறேன்.

அந்த அம்மாவின் பெயர் மயிலாத்தாள். கீழே வந்ததும் அவராகவே குறைகளைச் சொன்னார், விரல் விட்டு. "காத்தால ஆறு மணிக்கு மிசின் போட்ருவேன். செவ்வாயும் வெள்ளியும் மொளகா. அன்னிக்கு நீயும் தும்மோணும், நாயும் தும்மோணும், அதுக்கு நா பொறுப்பில்ல. இதுக்கு முன்னாடி இருந்தவிய மூணே மாசத்துல ஓடிட்டாங்க. புரோக்கர் எவனையும் நா சேர்க்கறதில்ல. இந்த நாயி எலி புடிக்குமா?"

"புடிக்காது. குரைக்கும்."

"பூனையக் கொண்டாந்திருக்கலாமல்ல. சரி, பேரென்ன?"

"கலெக்டர்."

மயிலாத்தாள் முதல் தடவையாகச் சிரித்தார். புருவத்து மாவு உதிர்ந்தது. "ஆவணி ஒண்ணுக்கு வந்துரு."

"நாளைக்கே வரட்டுமா? திங்கக்கெழம கம்பெனில..."

"நாளைக்கு ஆடி."

"எனக்கு அதெல்லாம் இல்லக்கா."

மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "மிசினுக்கும்தான் இல்ல. வா."

ஆகஸ்ட் 16, சனி

குடி வந்தாயிற்று. ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு அடுப்பு, கலெக்டர். ஆறுச்சாமி அண்ணன் சரக்கு ஆட்டோவில் கூடவே வந்து, வாசலில் தேங்காய் உடைத்தார். ஆடியில் உடைத்ததற்குச் சாமியிடம் தனியாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பால் காய்ச்சினேன். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மூன்று டம்ளரில் ஊற்றினேன், மயிலாத்தாளுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. மூன்றும் எவர்சில்வர். கலெக்டருக்குத் தட்டில்.

மயிலாத்தாள் நின்றுகொண்டே குடித்தார். சர்க்கரை போதவில்லை என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "என்னட்டி சத்தம் அங்க?" என்றாள். வீடு என்றேன். கடைசியில் கேட்டாள்: "சாப்ட்டானா?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி ஒன்று

காலையிலிருந்து வீதியில் சாமான் ஏற்றிய வண்டிகள். ஒரே நாளில் ஊரே இடம் மாறுகிறது. மாடியிலிருந்து நானும் கலெக்டரும் வேடிக்கை பார்த்தோம். வெங்கிடுசாமியின் மொபெட் மூன்று தடவை போனது. மூன்றாவது தடவை நிமிர்ந்து பார்த்தார். கலெக்டரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, கையை அரையாக உயர்த்தினார். இறக்கினார். நானும் கையை உயர்த்தினேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பார்த்துவிட்டேன் என்று அர்த்தம்.

கீழே ஒரு அம்மா மயிலாத்தாளிடம் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மேல யாருங்க்கா குடி வந்திருக்கறது?"

"கலெக்டரு."

"கலெக்டருங்களா!"

அந்த அம்மா போன பிறகு இறங்கிப் போய்க் கேட்டேன். "அக்கா, நீங்களும் பொய்க் காரணம் சொல்லுதீகளா?"

"பொய்யென்ன பொய்யி, அவன் மேலதான இருக்கறான்? அவ நாளைக்கும் வருவா, நாளைக்கும் கேப்பா. அப்ப உன்னையச் சொல்லறேன். எல்லாத்தையும் நீயே ஒரு நாள்ல கத்திட்டீன்னா மில்லுக்கு வர்றவ எதப் பேசிட்டு நிக்கறது?"

இதில் முழுச் சம்மதம் எனக்கில்லை. நாளைக்கு அந்த அம்மா வரும்போது நானே சொல்லிக்கொள்கிறேன், மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து.

ஊசிப் புத்தகத்தை எடுத்து முகவரி எழுதினேன். மேல் மாடி, மயிலாத்தாள் மாவு மில், கணபதி, கோயம்புத்தூர். மாவுக் கை பட்டு எழுத்து கொஞ்சம் கலங்கிவிட்டது. படிக்க முடிகிறது.

இந்தப் பக்கத்தின் மூன்று கட்டங்களையும் இன்றுதான் முறையாக நிரப்புகிறேன். தேதி: பதினேழு. முடிவு: சரி. காரணம் என்ற கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன். பச்சை முத்திரைக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.